வழிகாட்டி யாரும் இல்லாமல், தனியார் நிலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போக முடியுமா?

முடியும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஆறு வசந்தங்களாக நான் அப்படித்தான் போகிறேன். எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். முதலில் வேண்டியது நிலத்துக்காரரின் சம்மதம்.

அங்கே வேட்டைக்காலம் ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை தொடங்கும். பிப்ரவரியிலேயே போய்க் கதவைத் தட்டுங்கள். முந்தைய நாள் வந்து நிற்பவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? எனக்கு அனுமதி தந்த பெரியவர் மாடு வளர்ப்பவர். திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை. மார்ச்சில் இரண்டு சனிக்கிழமைகள் அவரோடு முள்வேலி கட்டினேன். ஓடைக்கரையில் எந்த மரங்களில் வான்கோழிகள் அடைகின்றன என்பதை அப்போதுதான் சொன்னார். நிலத்தின் எல்லையையும் நடந்து காட்டச் சொல்லுங்கள். மரத்தில் ஊதா வண்ணக் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. மிசூரிச் சட்டப்படி அது அத்துமீறி நுழையாதே என்ற எச்சரிக்கை.

வேட்டைக்கு முந்தைய நாள் அந்தி மயங்கும் நேரத்தில் ஆந்தையைப்போல் அலறிப் பாருங்கள். அடைந்திருக்கும் சேவல் பொறுக்கமாட்டாமல் பதில் குரல் கொடுத்துவிடும். மறுநாள் விடியுமுன், அந்த மரத்துக்கு 150 கஜம் தள்ளி, உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னாலிருந்து வேறொருவர் தவறிச் சுட்டாலும் மரம் தாங்கிக்கொள்ளும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடையில் தெரியக் கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும்.

வான்கோழியைக் கூப்பிடவென்றே ஒரு சிறு மரப்பெட்டி உண்டு. சாக்குக்கட்டி தடவிய அதன் மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். அளவோடு கூப்பிடுங்கள். இயல்பாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நாம் சேவலை வரச் சொல்கிறோம், அதற்குப் பொறுமை வேண்டும். காலையில் பெட்டைகளோடு போய்விடும் சேவல், அவை முட்டையிடப் போனபின் பத்து மணிவாக்கில் தனியாகத் திரிவதுண்டு. பலர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

என் இரண்டாவது வசந்தத்தில் ஒரு சேவல் வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனிகள் சருகைக் கீற, 35 கஜம்வரை வந்தது. கழுத்தில் உண்ணி ஊர்ந்தது. கையை ஒரு விரற்கடைதான் உயர்த்தினேன். 'புட்' என்று சேவலின் எச்சரிக்கைக் குரல். விசிறி மடங்கியது, இரண்டு எட்டில் புதருக்குள் போய்விட்டது. இப்போதெல்லாம் அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் மட்டுமே துப்பாக்கியைத் தூக்குகிறேன். 40 கஜத்துக்கு மேல் சுடுவதே இல்லை. காயத்தோடு ஓடும் பறவை எங்கோ கிடந்து சாவதை என்னால் ஏற்க முடியாது.

உரிமம் கட்டாயம். மார்பில் தாடிபோல் இறகுக்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். சுட்ட அன்றிரவு 10 மணிக்குள் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தானியம் தூவி வரவழைப்பது குற்றம்.

நெஞ்சுக்கறியில் பாதியைப் பெரியவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன். கால்கறி கெட்டியானது, மிளகு தட்டிப்போட்டு, மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள்.