இழுவை வடம் நூலாகத் தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: 1/35 அளவில் டி-34-85 டாங்கி மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். கிட்டுடன் வந்த நூலை இழுவை வடமாக ஒட்டினேன். பெயின்ட் அடித்த பிறகும் பிசிறு தெரிகிறது; மட்கார்டின் மேல் படியாமல் தூக்கிக்கொண்டும் நிற்கிறது. மின்வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிப் பார்த்தால் ஸ்பிரிங் போலச் சுருண்டுவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: நூலுக்கு எடை கிடையாது என்பதுதான் முதல் சிக்கல். உண்மையான வடம் தன் எடையால் படிந்து கிடக்கும். அதே சமயம் உருக்கு என்பதால் கூர்மையாக மடியாமல் அகன்ற வளைவாகவே திரும்பும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்கலாமே தவிர, இந்தக் கிடப்பை அதனிடம் பெற முடியாது. ஆகவே செம்புக்குப் போனது சரியான முடிவு; தவறியது முறுக்கில்.

வடத்தின் கட்டமைப்பைப் பார்த்துவிட்டால் மற்றவை எளிது. பெரும்பாலான உருக்கு வடங்களில் நடுவே ஒரு கருவும் அதைச் சுற்றி ஆறு புரிகளும் (முறுக்கிய கம்பிக் கற்றைகள்) இருக்கும். ஒரே தடிமனுள்ள ஏழு கம்பிகளில் ஒன்றை நடுவில் வைத்தால், மீதி ஆறும் இடைவெளியின்றி அதைச் சூழ்ந்துகொள்ளும். மொத்த விட்டம் ஒரு கம்பியின் விட்டத்தைப் போல மூன்று மடங்காகும். எனவே 0.25 மி.மீ. கம்பி ஏழு சேர்ந்தால் 0.75 மி.மீ. வடம் கிடைக்கும். இதை 35ஆல் பெருக்கினால் 26 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. நடுத்தர டாங்கி ஒன்றுக்கு இது பொருத்தமான தடிமன். வீட்டு வயரின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் 0.25 அல்லது 0.3 மி.மீ. இருக்கும், வெர்னியரால் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் தந்தியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது ஒரே கம்பியின் மேல் இன்னொன்றை நெருக்கிச் சுற்றியது. புரிச் சாய்வே இல்லாததால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இனி நீங்கள் செய்த பிழைக்கு வருவோம். நம்மில் பலர் அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறோம். உண்மையான வடத்தில் ஒரு புரி ஒரு முழுச் சுற்று சுற்றி வர, வடத்தின் விட்டத்தைப் போல ஆறு அல்லது ஏழு மடங்கு நீளம் ஆகும். 0.75 மி.மீ. வடத்தில் அது ஏறத்தாழ 5 மி.மீ.; அதாவது 12 செ.மீ. நீளத்துக்கு 24 சுற்றுகள் போதும். இதற்கு மின் டிரில் எதற்கு? மெல்லிய டிரில்லைப் பிடித்துக் கையால் திருப்பும் சிறு கைப்பிடியான பின்வைஸே நிதானமாகச் செய்துவிடும்.

கம்பிகளை 15 செ.மீ. நீளத்தில் வெட்டி, நடுக் கம்பியை மட்டும் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும்போது வெளிப்புரிகள் சுற்றிப் போவதால் வடத்தின் நீளம் குறையும். நடுக் கம்பியின் இரு முனைகளும் பிணைந்திருந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடும். எனவே அதன் ஒரு முனையை மற்ற ஆறுடன் சேர்த்து வைஸில் இறுக்கிவிட்டு, மறு முனையைப் பின்வைஸில் சிக்காமல் விடுங்கள். பின்வைஸை இழுத்துப் பிடித்து, உங்கள் பார்வையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். அப்போதுதான் வடத்தைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கையில் புரிகள் இடமிருந்து வலமாக மேலேறும். சாதாரண போல்ட்டின் மரை சாயும் திசையும் அதுவே, பெரும்பாலான உருக்கு வடங்களின் திசையும் அதுவே.

சுற்றுகள் முடிந்ததும் பிடியைத் தளர்த்தாமல், கேஸ் லைட்டர் தீயை வடத்தின் மேல் ஒரு முறை நகர்த்திச் செல்லுங்கள். முறுக்கியதால் விறைத்துப்போன செம்பு மங்கிய சிவப்பு நிறம் வரும்போது மென்மையாகிவிடும். ஆறிய பின் பிடியை விட்டாலும் சுருளாது. தீ ஒரே இடத்தில் நின்றால் மெல்லிய கம்பி உருகிவிடும், கவனம். பிறகு கண்ணாடியின் மேல் வைத்து, தட்டையான இரும்பு ஸ்கேலால் அழுத்தி உருட்டினால் நேராகிவிடும்.

வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் ஒரு துளி சூப்பர் குளூவை இறக்கிக் காயவிட்டு வெட்டினால் புரிகள் விரியாது. கிட்டில் உள்ள முனை வளையங்களின் கழுத்தில் 0.8 மி.மீ. டிரில்லால் 2 மி.மீ. ஆழம் துளைத்து வடத்தைச் செருகுங்கள். டாங்கியின் மேல் ஒட்டுவதற்கு முன்பே விரலால் வளைத்து, கொக்கிகளுக்கு இடையில் சற்றுத் தொய்ந்து தகட்டைத் தொடும்படி படியவைத்துவிட வேண்டும். பசை அந்த வளைவைக் காப்பாற்ற மட்டுமே, உருவாக்க அல்ல.

செம்பில் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி பிரைமர் அடித்த பிறகு, பழுப்பு கலந்த கருஞ்சாம்பலைப் பூசுங்கள். ஆரஞ்சுத் துரு பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. புழக்கத்தில் இருக்கும் வடம் எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துத்தான் இருக்கும். புரிகளின் பள்ளங்களில் மட்டும் நீர்த்த அடர்பழுப்பை ஓடவிட்டு, காய்ந்ததும் மென்மையான பென்சிலைப் பக்கவாட்டில் சாய்த்து மேடுகளின் மேல் தேயுங்கள். உரசித் தேய்ந்த உருக்கின் மினுமினுப்பு அந்தக் கிராஃபைட்டிலேயே வந்துவிடும்.