வேப்ல கருகின டேஸ்ட் வருது, அப்படியே விட்டுடலாமா?

லண்டன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டு லிக்விட் ஊத்துற வேப்புக்கு (இ-சிகரெட்) மாறி ஆறு மாசம் ஆச்சாம், "வெறும் நீராவிதான்"னு சொல்றாராம், ஆனா அப்பப்ப கருகின டேஸ்ட் வருதாம், பரவாயில்லையா?

முதல்ல, அது நீராவியே இல்லங்க. லிக்விட்ல இருக்கிற ப்ரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சூடாகி ஆவியாகி, வெளிய வந்ததும் பொடிப்பொடி துளியா மாறுது, அதான் புகை மாதிரி தெரியுது. கூடவே நிகோடினும் ஃப்ளேவரும்.

உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட நம்ம அகல் விளக்கு மாதிரிதான், பஞ்சுத் திரி லிக்விடை உறிஞ்சி கம்பிச் சுருளுக்குக் (அதான் காயில்) குடுக்கும், திரி ஈரமா இருக்கிற வரைக்கும் சூடு கட்டுக்குள்ள இருக்கும். திரி காஞ்சுதா, கம்பியோட சூடு எகிறிடும், பஞ்சு கருகும், கிளிசரின் உடைஞ்சு அக்ரோலின் வரும். எண்ணெய்ச் சட்டியை அடுப்புல மறந்துட்டா கண்ணு எரியுமே, அதுலயும் இருக்கிறது இதே சாமான்தான். ஃபார்மால்டிஹைட், அசிட்டால்டிஹைடுன்னு உடம்புக்கு ஆகாத ரசாயனமும் சேர்ந்து வரும்.

2015ல நியூ இங்கிலாந்து மெடிசின் ஜர்னல்ல ஒரு கடிதம் வந்துச்சு, வேப்பை 3.3 வோல்ட்ல ஓட்டினப்ப ஃபார்மால்டிஹைட் விடுற சேர்மம் எதுவும் சிக்கல, சூடு ஏறுற 5 வோல்ட்ல நிறைய சிக்குச்சுன்னு. அந்தச் சூட்டுல வர்ற கருகலை எவனும் இழுக்க மாட்டான்னு மத்த ஆய்வாளருங்க சண்டைக்கு வந்தாங்க, எனக்கும் அது நியாயமாத்தான் படுது, ஆனா உங்க வீட்டுக்காரர் கருகினதைத்தான இழுத்துட்டு இருக்கார்!

காயில் மேல எத்தனை வாட்னு போட்டிருக்கும், அதுல கீழ் அளவுல ஆரம்பிக்கச் சொல்லுங்க. புதுக் காயில் போட்டா பஞ்சுல நாலு சொட்டு விட்டு, டேங்க்கை நிரப்பி பத்து நிமிஷம் சும்மா வைக்கணும், அவசரப்பட்டா முதல் இழுப்புலயே பஞ்சு போச்சு. கிளிசரின் ஜாஸ்தியான கெட்டி லிக்விட் சின்னக் காயில்ல சரியா ஏறாது. தித்திப்பு ஃப்ளேவர்ல சுக்ரலோஸ் இருந்தா கம்பில பாகு மாதிரி படிஞ்சு கருகும். நிக்கல், குரோமியம் மாதிரி உலோகமும் கம்பில இருந்து கொஞ்சம் ஆவில கலக்குது, அதனால பழசை இழுத்துப்பிடிச்சு ஓட்டாதீங்க.

இதைப் படிச்சுட்டு பயந்து திரும்ப சிகரெட்டுக்குப் போயிட வேண்டாம், அது இதைவிட எவ்வளவோ மோசம், மெதுவா ரெண்டையும் விடுறதுதான் நல்லது. பிரிட்டன்ல கடை லிக்விட்ல ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல நிகோடின் கூடாது, வெண்ணெய் வாசனைக்குப் போடுற டயசெட்டைலும் தடை, அதனால பெட்டில லேபிள் இல்லாத சரக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னைக்கே காயிலைக் கழட்டி பஞ்சைப் பாருங்க, கறுத்திருந்தா கழுவிப் போட்டுப் பார்க்காதீங்க, குப்பைக்குத்தான்.