பைமாஷ் எண்ணும் சங்கிலியும்

கேள்வி: தாத்தா வாங்கிய நஞ்சையின் பத்திரத்தில் சர்வே எண் இல்லை; ‘பைமாஷ் நம்பர்’ மட்டும் இருக்கிறது. இதை வைத்து நிலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், மேலூர்

பதில்: முடியும் ஐயா, அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். பைமாஷ் என்பது அளவையைக் குறிக்கும் பாரசீகச் சொல். மதுரைச் சீமை 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு முழுதாக வந்தது. முறையான புல அளவைக்கென்று சென்னை மாகாணத்தில் தனித்துறை பிறந்தது 1858இல்தான். அதற்கு முந்தைய கணக்கின் எண்தான் உங்கள் பைமாஷ் நம்பர். கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டுக்கு நகல் மனுப் போடுங்கள். புது எண்ணுக்கு நேரே பழைய பைமாஷ் எண்ணையும் பல பதிவேடுகளில் எழுதியிருப்பார்கள். அதோடு பத்திரத்தில் எழுதியுள்ள நான்குமாலையும், அதாவது நான்கு பக்க எல்லைகளையும், ஒத்துப் பாருங்கள். வாய்க்காலும் கண்மாய்க்கரையும் லேசில் இடம் மாறுவதில்லை.

நில அளவராக வாடிப்பட்டிப் பக்கம் நடந்த நாட்களில் நானும் சங்கிலி பிடித்தவன். ஒரு சங்கிலிக்கு நீளம் 66 அடி; அதில் 100 கண்ணி, அதாவது வளையத் துண்டுகள். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பழைய புலப்படத்தில் கோட்டருகே 212 என்றிருந்தால் அது கண்ணிக் கணக்கு, ஏறத்தாழ 140 அடி. மீட்டர் என்று வாசித்து அண்ணன் தம்பிகள் வழக்குக்குப் போனதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அளக்கும்போது முதலில் முச்சந்திக் கல்லை, அதாவது மூன்று எல்லைகள் கூடுமிடத்தில் நட்ட கல்லை, தேடச் சொல்லுங்கள். மண் மூடிக் கிடந்தாலும் தோண்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.