தவிட்டு மூட்டை

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைப் பயில்கிறேன். இது பழைய கொரியாவின் சில்லா நாட்டு ஹ்வாராங் வீரர்களின் கலை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்று ஆசிரியர் சொல்லித்தந்தார். இப்போது படித்தால், சோய் யோங் சுல் என்பவர் ஜப்பானில் கற்றுவந்தது என்கிறார்கள். அதற்கும் ஆதாரம் இல்லையாம். ஏமாந்துவிட்டதுபோல் இருக்கிறது. உண்மையான நிறுவனர் யார்? பேசாமல் ஜப்பானியக் கலையான அய்கிடோவுக்கே மாறிவிடலாமா? எல்லாவற்றுக்கும் மூலம் நம் போதிதர்மர்தான் என்கிறார்களே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

போதிதர்மரை இதற்குள் இழுக்காதீர்கள். அய்கிடோவுக்கு மாறுவது உங்கள் விருப்பம். ‘ஏமாந்துவிட்டதுபோல்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. நானும் சில வாரங்களாகச் சோயை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. அதையொட்டிய காலத்தில் சிறுவனாக ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். தைதோ-ரியு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பேராசான் தகேதா சோகாகுவின் வீட்டிலேயே வளர்ந்து கற்றதாகப் பின்னாளில் சொன்னார். தகேதா தன் மாணவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி முத்திரையும் வாங்கிவைத்தவர். கிடைத்திருக்கும் ஏடுகளில் சோயின் பெயர் இல்லை. அதனால் பொய் என்கிறார்கள். அடிமை நாட்டுப் பையன் ஒருவன் வீட்டு வேலைக்கு நின்றிருந்தால், அவன் பெயரை ஏட்டில் ஏற்ற யாருக்குத் தோன்றியிருக்கும்? வளர்ப்பு மகனா வேலைக்காரரா என்று அறுதியிட என்னால் முடியாது. அவர் கை அறிந்திருந்தது தைதோ-ரியுவின் பிடிகளைத்தான். அது கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர் கொரியாவின் டேகு நகரில் பன்றி வளர்த்துப் பிழைத்தார். 1948இல் ஒருநாள் பன்றிகளுக்குத் தவிடு வாங்க ஒரு மதுபான ஆலைக்குப் போனார். வரிசையில் தகராறு. மேலே விழுந்த ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலை முதலாளியின் மகன் சு பொக் சொப் ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர். ஆளை உள்ளே அழைத்தார், தன்னிடமே காட்டச் சொன்னார், தோற்றார், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். கூலியாகத் தவிடும் பணமும். உங்கள் கலை கொரிய மண்ணில் தொடங்கிய இடம் அந்தத் தவிட்டு மூட்டை. இதைக் கேட்டபின்பும் ஹ்வாராங் வீரர்கள் எதற்கு உங்களுக்கு? ஒரு ஏழையின் கையிலிருந்து வந்ததென்றால் மதிப்புக் குறைந்துவிடுமா?

சோய் தான் கற்ற இடத்தை ஒளிக்கவில்லை. ஜப்பான் என்ற சொல்லே கசந்த நாட்டில் நின்று ஜப்பானியரை ஆசான் என்றார். கொரியர்களின் பெயரைக்கூட மாற்றவைத்த ஆட்சி அது. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் அந்தக் கசப்புக்குப் பணிந்து ஆசானைத் துடைத்துவிட்டு அரசர்களையும் வீரர்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். பகைவனிடமிருந்து பெற்றதைப் பெற்றேன் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. நீங்கள் கோபப்பட வேண்டியது துடைத்தவர்கள் மேல். நீங்களோ அவர் மேல் கோபப்படுகிறீர்கள். மாறலாமா என்று கேட்கும் அய்கிடோவும் அதே வீட்டுப் பிள்ளைதான். அதை உருவாக்கிய உவெஷிபாவும் தகேதாவின் மாணவர். ஹாப்கிடோ, அய்கிடோ என்ற இரண்டு பெயர்களையும் எழுதும் சீன எழுத்துகள்கூட ஒன்றே.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த கொரியர் ஒருவர் எனக்குச் சில மாதங்கள் சொல்லித்தந்தார். டேகுக்காரர். முதல் நாள் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, விடுவித்துக்கொள் என்றார். பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். தோள்தான் வலித்தது. விரல்களை விரித்து, முழங்கையைத் தாழ்த்தி, அவருடைய கட்டைவிரல் பக்கமாகத் திருப்பச் சொன்னார். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. “இது எத்தனை ஆண்டுப் பழமை?” என்று நானும் உங்களைப்போலவே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தார். அன்று மாலை முழுவதும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நிறுவனர் யார் என்று கேட்டீர்கள். அடித்தளம் சோய். உதைகளைச் சேர்த்து இன்றைய வடிவத்தைக் கொடுத்துப் பரப்பியவர்களில் முதல்வர் அவர் மாணவர் ஜி ஹான் ஜே.

உங்கள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வகுப்பு முடிந்தபின் தனியாக உட்கார்ந்து அந்தத் தவிட்டு மூட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.