பிட்ஸ்பர்கில் பழைய கார்: பெயின்ட்டை விடுங்கள், அடியில் பாருங்கள்

கேள்வி: சில மாதங்களுக்கு முன்பு சென்னையிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தோம். ஸ்குவிரல் ஹில்லில் வாடகை வீடு, வேலை ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்டில். மனைவியும் 3 வயது மகளும் உடன் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கும் மன்ரோவில் பக்கம் மளிகைக்கும் போக வேண்டியிருக்கிறது. கையில் 10,000 டாலர். 2013–15 கரோலா அல்லது சிவிக் வாங்கலாம் என்று எண்ணம். இந்திய லைசென்ஸ் இருக்கிறது. இந்த ஊரின் மேடுகளும் டனல்களும் பயமாக இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஓட்டிப் பழகுவது?

பதில்: கரோலா, சிவிக் இரண்டுமே நல்ல தேர்வு. ஆனால் இந்த ஊரில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது பிராண்டோ, ஓடிய மைலோ அல்ல. குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்புதான். 70,000 மைல் மட்டுமே ஓடி, பத்து ஆண்டுகளாக இங்கேயே நின்ற காரைவிட, 1,20,000 மைல் ஓடி, பெரும்பகுதி கரோலினா, ஜார்ஜியா பக்கம் இருந்த கார் நல்ல நிலையில் இருக்கலாம். ஹிஸ்டரி ரிப்போர்ட்டில் கார் எந்தெந்த மாநிலங்களில் இருந்தது என்று முதலில் பாருங்கள். தெற்கிலிருந்து வந்த காரில் வெள்ளத்தில் மூழ்கிய குறிப்பு இருக்கிறதா என்பதையும் அதே ரிப்போர்ட் சொல்லும்.

பணக் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அலெகேனி கவுன்டியில் விற்பனை வரி 7 சதவீதம்: மாநிலத்துக்கு 6, கவுன்டிக்கு 1. 8,000 டாலர் காருக்கு வரி 560. டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்), ரிஜிஸ்ட்ரேஷன், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து 150 முதல் 250 டாலர். வாங்கும் முன் மெக்கானிக்கிடம் காட்ட 100 முதல் 200. மீதி சுமார் 1,000 டாலரை டயர், பிரேக், முதல் தவணை இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். ஆகவே 10,000 கையில் இருந்தால் 8,000 டாலர் கார்தான் தேட வேண்டும். 10,000 டாலர் கார் உங்களுக்கானது அல்ல.

காரைப் பகலில், மழை இல்லாத நேரத்தில் பாருங்கள். பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல், அடியில் சப்ஃப்ரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டகம்), சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள், பின்பக்கம் போகும் பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகப் பழுப்பு நிறம் படிந்திருந்தால் பரவாயில்லை. பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தாலோ, ஸ்குரூடிரைவர் முனையால் தட்டும்போது உள்வாங்கினாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள். எஃகு பிரேக் குழாய் உப்பில் அரித்துக்கொண்டே வந்து, அவசரமாக மிதிக்கும் அந்த ஒரு நாளில்தான் வெடிக்கும். பெடல் தரையைத் தொடும். 3 வயதுக் குழந்தை பின்னால் உட்காரும் காரில் இந்த இடத்தில் சமரசமே கூடாது. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் துருவை மறைக்க அடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் பாதுகாப்பு இன்ஸ்பெக்ஷன் கட்டாயம். அலெகேனி கவுன்டியில் அதோடு புகைச் சோதனையும் உண்டு. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். எந்த மாதம் முடிகிறது என்று அவற்றிலேயே தெரியும். அடுத்த மாதம் முடியப்போகும் காரை ஒருவர் அவசரமாக, மலிவாக விற்றால், இன்ஸ்பெக்ஷனில் தேற என்னென்ன மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பால் ஜாயின்ட், பிரேக், எக்ஸாஸ்ட், தரையில் துரு ஓட்டை, 2/32 அங்குலத்துக்குக் கீழே தேய்ந்த டயர் ஆகியவைதான் வழக்கமாகத் தோற்கும் இடங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலே 1,000 டாலரைத் தாண்டும். விற்பவர் சொல்லும் கராஜுக்குப் போகாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த இன்ஸ்பெக்ஷன் ஸ்டேஷனில் லிஃப்டில் ஏற்றி, “இன்றைக்கே இன்ஸ்பெக்ஷன் செய்தால் இது தேறுமா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மெக்கானிக் நேரான பதில் சொல்வார்.

புகைச் சோதனையில் ஒரு தந்திரம் நடக்கும். செக் எஞ்சின் விளக்கு எரியும் காரில், கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு விற்பார்கள். அழித்த பிறகு காரின் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை மறுபடி முடிக்கப் பல நாள் ஓட வேண்டும். அதுவரை ‘மானிட்டர்’கள், அதாவது அந்தச் சோதனைகள், தயாராக இல்லை என்று காட்டும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் 20, 30 டாலருக்குக் கிடைக்கும்; அதைச் செருகினால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மானிட்டர்கள் தயாராக இல்லாத காரை வாங்காதீர்கள். பேட்டரி மாற்றினேன் என்று காரணம் சொன்னால், ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

விலை மலிவாக இருக்கிறது என்று வேறு கார்கள் பக்கம் மனம் போகலாம். 2012–16 ஃபோர்டு ஃபோகஸ் ஆட்டோமேட்டிக்கின் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பெயர் கெட்டது, வேண்டாம். 2011–21 கியா, ஹூண்டாய் கார்களில் சாவி திருகி ஸ்டார்ட் செய்யும் பல மாடல்களுக்கு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் கருவி) கிடையாது, திருட்டு அதிகம். வாங்கினால் இலவச சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டதா என்று பாருங்கள். எந்தக் காரானாலும் அதன் வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) அரசின் ரீகால் தளத்தில் போட்டு, பழுதுக்காக நிறுவனம் திரும்ப அழைத்த கார்தானா என்று பாருங்கள். டகாடா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்குக்கான ரீகால் பழைய ஹோண்டா, டொயோட்டாக்களில் நிறைய உண்டு. டீலர் இலவசமாக மாற்றித் தருவார்.

தனி நபரிடம் வாங்கினால், டைட்டிலின் பின்பக்கம் அவர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பே கையெழுத்திட்ட டைட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். ‘டேக்ஸ் (Tags, நம்பர் பிளேட்), நோட்டரி’ என்று போர்டு வைத்த, பென்டாட் (மாநிலப் போக்குவரத்துத் துறை) ஏஜென்டிடம் இருவரும் சேர்ந்து போவது நல்லது. டைட்டில் மாற்றம், வரி, நம்பர் பிளேட் எல்லாம் அங்கேயே முடியும். டைட்டிலில் இரண்டு பெயர் இருந்தால் இருவரையும் வரச் சொல்லுங்கள். கடன் பாக்கி காட்டினால், அது தீர்ந்த கடிதம் இல்லாமல் பணம் தராதீர்கள். பணம் கேஷியர்ஸ் செக்காக (வங்கியே எழுதித் தரும் காசோலை), அதே மேஜையில் கொடுங்கள். வரியை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதலாம் என்பார்கள். சந்தை மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே எழுதினால் தனி விளக்கப் படிவம் கேட்பார்கள், தவிர அது பொய்க் கணக்கு. இந்த மாநிலத்தில் பழைய நம்பர் பிளேட் காரை விற்பவரிடமே இருந்துவிடும். அதனால் உங்கள் இன்சூரன்ஸ் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்; அது இல்லாமல் பிளேட் தர மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் படிவத்தில் ‘லிமிடெட் டார்ட்’, ‘ஃபுல் டார்ட்’ என்று ஒரு இடம் வரும். பலர் மலிவானதை டிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லிமிடெட் எடுத்தால், யாரோ உங்களை இடித்துக் காயப்படுத்தினாலும், காயம் சட்டம் வரையறுக்கும் ‘கடுமையானது’ என்ற அளவுக்குப் போகாதவரை, வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறீர்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் ஃபுல் டார்ட் எடுப்பதே சரி. மாநிலத்தின் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 15,000, ஒரு விபத்துக்கு 30,000, சொத்துச் சேதத்துக்கு 5,000 டாலர். இன்று ஒரு பம்பரும் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே 5,000-ஐ விழுங்கிவிடும். 100,000/300,000 என்ற அளவுக்கு எடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் காப்பாற்றும் பகுதியையும் சேருங்கள். ஓட்டும் வயதில் வீட்டில் இருப்பவர் என்பதால் மனைவியின் பெயரும் பாலிசியில் தெரிய வேண்டும்.

இந்திய லைசென்ஸுடன் இங்கு வந்த நாளிலிருந்து ஓராண்டு வரை, அல்லது அது காலாவதியாகும் வரை ஓட்டலாம். ஆனாலும் பென்சில்வேனியா லைசென்ஸை முதலில் எடுங்கள், காரை அடுத்து வாங்குங்கள். உள்ளூர் லைசென்ஸ் இருந்தால் இன்சூரன்ஸ் குறையும். லைசென்ஸ் விண்ணப்பமான டிஎல்-180 படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். எழுத்துத் தேர்வில் 18 கேள்விக்கு 15 சரியாக வேண்டும். சாலைத் தேர்வில் பலரைத் தோற்கடிப்பது பேரலல் பார்க்கிங்: 24 அடி நீளம், 8 அடி அகலம், மூன்று முறைக்கு மேல் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடாது. டிரைவிங் ஸ்கூலில் இரண்டு மூன்று வகுப்பு எடுத்து அவர்கள் காரிலேயே தேர்வுக்குப் போவது கொடுக்கும் பணத்துக்குத் தகும். விசா ஆவணச் சரிபார்ப்பில் தாமதம் வரலாம். அதுவரை அவசரம் வேண்டாம். ஸ்குவிரல் ஹில்லிலிருந்து 61 வரிசைப் பேருந்துகள் டவுன்டவுன் வரை போகின்றன.

இனி ஓட்டுவது. வலப்பக்கப் போக்குவரத்தில், இந்தியாவில் ஓட்டிப் பழகியவர் கையில் வண்டி தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு நகரும், நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியை உரசும். ஓட்டுநராகிய நீங்கள் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

பச்சை விழுந்தவுடன் பாய்ந்துவிடாதீர்கள். எதிரே இடது திரும்பக் காத்திருக்கும் முதல் கார் உங்களுக்கு முன்பே திரும்பிவிடும். ‘பிட்ஸ்பர்க் லெஃப்ட்’ என்று பெயரே இருக்கும் உள்ளூர் வழக்கம் இது. சட்டப்படி வழி உங்களுக்குத்தான். எதிர்பார்த்து நிதானியுங்கள், நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். சிவப்பில் முழுமையாக நின்று, பலகை தடுக்காவிட்டால் வலது திரும்பலாம். இந்த நகரில் தடுக்கும் பலகைகள் நிறைய. ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு மின்னினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த் திசையிலும் 10 அடி தள்ளி நிற்க வேண்டும். மீறினால் 500 டாலர் அபராதம், லைசென்ஸில் 5 தவறுப் புள்ளி, 60 நாள் லைசென்ஸ் முடக்கம்.

உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே பார்க்வே விரைவுச் சாலையில் ஏறியவுடன் ஸ்குவிரல் ஹில் டனல். வாசலில் எல்லோரும் பிரேக் போடுவார்கள். இடைவெளி விட்டு, வேகம் குறைக்காமல் உள்ளே போங்கள். டனலுக்குள் லேன் மாற்றாதீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும்போது ஃபோர்ட் பிட் டனலைத் தாண்டியதும் பாலம், அங்கே சில நொடிகளில் சாலை பிரியும். எந்த லேன் எங்கே போகும் என்பது டனலுக்கு முன்பே தொங்கும் பலகையில் இருக்கும். தவறான லேனில் மாட்டிக்கொண்டால் குறுக்கே வெட்டாமல் அது போகும் வழியே போய்த் திரும்புங்கள், பத்து நிமிடம்தான் இழப்பு. மன்ரோவில் போகும்போது பார்க்வேயின் முடிவில் டர்ன்பைக் என்ற கட்டண நெடுஞ்சாலை காத்திருக்கிறது. தப்பி ஏறிவிட்டால் கிழக்கே அடுத்த இறக்கம் இர்வின், 10 மைல் தள்ளி. ஈசி பாஸ் (கட்டணம் தானாகக் கழியும் கருவி) இல்லாமல் போனால் பிளேட்டைப் படம் எடுத்து ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணத்துக்குப் பில் வீட்டுக்கு வரும்.

பீச்வியூவில் கேன்டன் அவென்யூ 37 சதவீதச் சரிவு. ஜிபிஎஸ் காட்டும் குறுக்கு வழியை நம்பி இப்படிப்பட்ட தெருக்களில் பனிக்காலத்தில் ஏறாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே பிடிக்காமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பார்க். இறக்கத்தில் சக்கரத்தை ஓரக்கல் பக்கமும், ஓரக்கல் உள்ள ஏற்றத்தில் எதிர்ப்பக்கமும் திருப்பி வையுங்கள்.

பனிக்கு ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று 3,000 டாலர் அதிகம் கொடுக்காதீர்கள். அது நகரத்தான் உதவும், நிறுத்த உதவாது. வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் வின்டர் டயர் போட்ட சாதாரண கரோலா நன்றாகவே நிற்கும். பாலங்கள் சாலைக்கு முன்பே உறையும். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் கூரை உட்படக் காரின் மேலுள்ள பனியை நீக்க வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். வைப்பர் ஓடினால் ஹெட்லைட்டும் எரிய வேண்டும். வாஷர் நீர் மைனஸ் 20 ஃபாரன்ஹீட் தாங்குவதாக இருக்கட்டும். குளிர் தணியும் நாளில் அடிப்பகுதி கழுவும் கார் வாஷுக்குப் போங்கள். உப்பை வெளியேற்ற வேறு வழி இல்லை. தெருவில் பனி வெட்டிய இடத்தில் பழைய நாற்காலி இருந்தால் அது அதை வெட்டியவரின் இடம், நகர்த்தாதீர்கள்.

ஊருக்குப் போகும் விடுமுறையில் செலவு மிச்சம் என்று இன்சூரன்ஸை நிறுத்திவிடாதீர்கள். 31 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் ரிஜிஸ்ட்ரேஷனை 3 மாதம் முடக்குவார்கள், அல்லது 500 டாலர் அபராதம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் போவதானால் கார் ஓடாதபோதைய குறைந்த கவரேஜ் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், முதலில் பிளேட்டைப் பென்டாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அதன் ரசீது வந்த பிறகு பாலிசியை நிறுத்துங்கள்.