வாட்டர் வாஷ் செய்த வண்டி மக்கர் செய்கிறதா? சி.டி.ஐ.யை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். என்னுடையது எட்டு வருடப் பழைய 125 சிசி பைக், கார்பரேட்டர் மாடல். வாட்டர் வாஷ் கொடுத்து எடுத்தால் அன்று காலை ஸ்டார்ட் ஆவதே இல்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். மதியம் வரை வெயிலில் நிறுத்தி வைத்தால் ஒரே கிக்கில் எடுத்துவிடுகிறது. மெக்கானிக், "சி.டி.ஐ., காயில் இரண்டும் போச்சு, 3,800 ரூபாய் ஆகும்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். வெயிலில் காய்ந்ததும் எடுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நோய் என்ன என்பது அதிலேயே தெரிகிறது. சி.டி.ஐ. என்பது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி எப்போது வர வேண்டும் என்று காயிலுக்குச் சொல்கிற, உள்ளே பிசின் ஊற்றி இறுக மூடிய சின்னப் பெட்டி. அது பழுதாகத் தொடங்கினால் பெரும்பாலும் சூட்டில்தான் தகராறு செய்யும். ஓடி ஓடிச் சூடானதும் வண்டி நிற்கும், ஆறினால் எடுக்கும். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறாக, சூடு பட்டதும் சரியாகிறது. ஈரத்தில் முரண்டு பிடித்து, காய்ந்ததும் வேலை செய்கிற பொருளைச் செத்துவிட்டது என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நடப்பது இதுதான். வோல்டேஜை ஏற்றித் தருகிற காயிலிலிருந்து ப்ளக்குக்குப் பல்லாயிரம் வோல்ட் வருகிறது. அது ப்ளக்கின் நுனியில் உள்ள இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் பொறி. ப்ளக்கின் தலையில் மாட்டுகிற மூடியான ப்ளக் கேப்புக்குள் தண்ணீர் போய்விட்டால், ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் ஈரம் படிந்து, மின்சாரம் அதன் வழியாகவே இன்ஜின் உடம்புக்கு இறங்கிவிடுகிறது. நுனிக்குப் போவதே இல்லை. நம் ஊரில் இது இன்னும் மோசம். வாட்டர் சர்வீஸ் கடைகளில் அடிப்பது பெரும்பாலும் போர் தண்ணீர், அதுவும் நல்ல உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காய்வதில்லை. கேப்பைக் கழற்றி ப்ளக்கைப் பாருங்கள், பீங்கான் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அடுத்த முறை கொஞ்சம் ஈரம் பட்டாலே அந்த உப்பு ஊறி மறுபடி வழிவிடும். வாராவாரம் கழுவுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை போகப் போக அதிகமாவது இதனால்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். பொறி இல்லாமல் சோக் போட்டு உதைத்தால் பெட்ரோல் ஏறி ப்ளக் நனைந்துவிடும். ஈரம் காய்ந்த பிறகும் வண்டி எடுக்காது, அப்புறம் இரண்டு வைத்தியம் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியதும் ப்ளக் கேப்பைப் பிடித்து இழுத்துக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்பின் உள்ளே பழைய பருத்தித் துணியை ஒரு குச்சியில் சுற்றி விட்டுத் துடையுங்கள். ப்ளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றித் தேங்கியிருக்கும் தண்ணீரைப் பஞ்சர் கடை ஏர் வைத்தோ, சைக்கிள் பம்ப் வைத்தோ ஊதி எடுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் ப்ளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீரும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் விழும். சில வண்டிகளில் ப்ளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் வடிய அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். பீங்கானை நன்றாகத் துடைத்து, ப்ளக்கைக் காயவைத்து, திரும்பக் கையால் மரை ஏற்றிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள். கேப்பின் ரப்பர் வாய் விரிந்து தொளதொள என்று இருந்தால் கேப்பை மட்டும் மாற்றுங்கள். நிறைய வண்டிகளில் அது ஒயரோடு மரை போட்டு நிற்கும், தனியாகக் கிடைக்கும். பெரும்பாலான வண்டிகளில் சிக்கல் இத்தோடு முடிந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மையாக இருக்க வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. காயிலிலிருந்து வருகிற தடித்த ஒயரின் உறை வெடித்திருந்தாலும் இதே போலத்தான் நடக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஈரம் பட்டால் வெடிப்பு வழியாகக் கரண்ட் கசியும். எட்டு வருட வண்டி, வேலூர் வெயில், கேட்கவா வேண்டும், ரப்பர் விறைத்துப் போகும். டேங்குக்கு அடியில் சேஸிஸில் உரசுகிற இடம், கேப்புக்குள் நுழைகிற இடம், இந்த இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வண்டி ஆஃபில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லையா, இரவில் வெளி விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் ஒயர் மேல் லேசாகத் தெளியுங்கள். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் நீல நிறத்தில் மினுக்மினுக் என்று ஓடும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும், இன்ஜின் தடுமாறும். அந்த நேரத்தில் ஒயரைத் தொடவே தொடாதீர்கள், பலமாக ஷாக் அடிக்கும். பெட்ரோல் வாசம் வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இன்னொரு அடையாளம்: கழுவாமலேயே மார்கழிப் பனியில் காலையில் எடுக்க மறுக்கும். உங்கள் வண்டி பனிக்காலத்தில் ஒழுங்காக எடுக்கிறது என்றால் ஒயர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், முதலில் கேப்பைத்தான் பார்க்க வேண்டும்.

வெடிப்பு கேப் பக்கம் நுனியில் இருந்தால், ஒயரின் நீளம் இடம் கொடுத்தால், அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுக் கேப்பைத் திரும்ப மரை ஏற்றலாம். நடுவில் இருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றுவது நாலு நாள் கதை. நிறைய வண்டிகளில் ஒயர் காயிலோடு சேர்ந்தே வரும், அதனால் காயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் காயில் மட்டும். இந்த வகை வண்டிக்கு அது சில நூறு ரூபாய்ப் பொருள். சி.டி.ஐ.க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏன் என்று யோசியுங்கள். எது பழுது என்று தேடக் கால் மணி நேரம் ஆகும், மாற்ற ஐந்து நிமிடம் போதும். சில கடைகளில் சீட்டு எழுதிக் கொடுத்து, "இந்தக் கடையிலேயே வாங்குங்க" என்று அனுப்புவார்கள். அந்தச் சீட்டில் கமிஷன் இருக்கும். கழற்றிய உங்கள் சி.டி.ஐ. நல்ல நிலையில் இருந்தால் அது இன்னொருவர் வண்டியில் "புதுசு" என்று ஏறிவிடும். உங்களுக்குப் போட்டதும் அப்படி வந்ததாக இருக்கலாம். ஆகவே பொருளை நீங்களே பில்லோடு வாங்குங்கள், அட்டைப் பெட்டியின் மேல் பார்ட் நம்பரைப் பாருங்கள், கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். "பழசு எதுக்கு சார்?" என்று கேட்டால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே ஜாப் கார்டில் முதல் டிக்கே வாட்டர் வாஷ்தான். பிரஷர் கன்னை வைத்து இன்ஜின், சீட்டுக்கு அடியில், ஹேண்டில்பார் சுவிட்ச் என்று பாகுபாடு இல்லாமல் அடிப்பார்கள். சாயங்கால டெலிவரி நெரிசலில் ப்ளக் கேப்பைக் கழற்றித் துடைக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. பிறகு வாரண்டியில் இருக்கும் வண்டியே மக்கர் செய்தால், "வாட்டர் என்ட்ரி, வாரண்டி வராது" என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீரை அடித்தது யார்? வேகமான தண்ணீர் அடிக்காதீர்கள் என்று கையேட்டில் நமக்கு அச்சடித்துக் கொடுக்கிற கம்பெனிகள், அதைத் தங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போதே ஜாப் கார்டில் "வாட்டர் வாஷ் வேண்டாம்" என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வாட்டர் சர்வீஸ் கடையில் நடக்கிற இன்னொரு வேலை டீசல் அடிப்பது. கிரீஸும் எண்ணெய்ப் பிசுக்கும் போக முதலில் டீசல், கடைசியில் பளபளப்புக்கு ஆயில் ஸ்ப்ரே. பார்க்க ஷோரூம் வண்டிபோல் இருக்கும். ஆனால் ப்ளக் கேப்பின் ரப்பர், ஒயர் உறை எல்லாம் டீசலில் ஊறி உப்பிப் போகும், தண்ணீர் நுழைவது இன்னும் சுலபமாகிவிடும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது, அது உயிர் சமாச்சாரம். டீசலும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம் என்று வண்டியை விடும் முன்பே சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

நீங்கள் வீட்டிலேயே கழுவலாம். ஒரு பக்கெட், ஒரு மக், ஷாம்பு, துணி போதும். இன்ஜின் ஆறிய பிறகு, ப்ளக் கேப் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு ஊற்றுங்கள். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் பக்கமும் தண்ணீரைக் காட்டாதீர்கள். கழுவி முடித்ததும் பையை எடுத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். இவ்வளவு செய்தும் எடுக்கவில்லை என்றால் வலது கைப் பக்கம் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச் இருந்தால் அதைப் பத்துப் பதினைந்து முறை தட்டித் தட்டிப் பாருங்கள், உள்ளே ஈரம் தங்கியிருக்கும்.