மெக்லின்டாக்கின் எச்-இண்டெக்ஸை நம்பாதீர்கள்

வணக்கம். மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக் பற்றிய செமினாருக்கு எச்-இண்டெக்ஸ் (ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற எண்) தேடினால் எண் ரொம்பக் குறைவாக வருகிறது, அவருடைய தாக்கத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த எண்ணை விட்டுவிடுங்கள், அது அவருக்கு நியாயம் செய்யாது. மக்காச்சோளக் குரோமோசோமில் சில மரபுக் கூறுகள் இடம் மாறுகின்றன என்று 1950-ல் பிஎன்ஏஎஸ் (அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ்) இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகக் கருத்தரங்கில் விளக்கினார். பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1953-க்குப் பிறகு இதுபற்றி இதழ்களில் எழுதுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, முடிவுகளைத் தான் வேலை பார்த்த கார்னகி ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் பதிவு செய்தார். மேற்கோள் தரவுத்தளங்கள் முக்கியமாக இதழ்க் கட்டுரைகளைத்தான் எண்ணுகின்றன. உங்கள் சிக்கலின் வேர் அதுதான்.

அதனால் 1950 கட்டுரைக்கு வந்த மேற்கோள்களை ஆண்டுவாரியாக வரைபடமாகப் போடுங்கள். 1960-களின் இறுதியில் பாக்டீரியாவிலும் இப்படிப்பட்ட கூறுகள் தெரியவந்ததையும், 1983-ல் அவர் தனியாகப் பெற்ற நோபலையும் அதில் குறியுங்கள். அப்புறம் 2009-ல் வெளியான மக்காச்சோள மரபணுத்தொகுதி: அதில் கிட்டத்தட்ட 85 சதவீதம் இடம்மாறும் கூறுகள்! என்னைக் கேட்டால் எந்த இண்டெக்ஸைவிடவும் பெரிய சான்று இதுதான். குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதை மக்காச்சோளத்தில் காட்டி, சக ஆய்வாளர் ஹாரியட் கிரெய்ட்டனுடன் அவர் எழுதிய 1931 கட்டுரையையும் விட்டுவிடாதீர்கள்.